மூன்றரை வயதில் எல்லாவற்றையும் படிக்கிறான், பேசத்தான் மாட்டேன் என்கிறான்

4 மே 2024, காலை. ஆத்தூர் அம்மா கேட்டது

மகனுக்கு மூன்றரை வயது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழும் ஆங்கிலமும் படிக்கிறான். செய்தித்தாள் தலைப்பு, மருந்து அட்டை, பஸ் பலகை என்று எதையும் விடுவதில்லை. ஆனால் தானாகப் பேசுவது குறைவு. கூப்பிட்டால் திரும்புவதில்லை. மற்றப் பிள்ளைகளோடு சேர்வதும் இல்லை. குழந்தை மருத்துவர் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டார். நான் தேடிப் படித்ததில் இதற்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர். அதில் மூன்று வகை உண்டாம். மூன்றாவது வகையில் ஆட்டிசம் போலத் தெரிபவை தாமாகவே மறைந்துவிடுமாம். இவன் கொஞ்சுவான், முத்தம் கொடுப்பான், ஆகவே மூன்றாவது வகைதான். அப்படியிருக்கப் பிள்ளைக்கு எதற்கு வீணாக முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்?

4 மே, இரவு. கோரிமேட்டுக்காரி

போய்ப் பரிசோதித்துவிடுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அந்த மூன்று வகைப் பிரிப்பைச் செய்தவர் டாரோல்ட் டிரெஃபெர்ட். அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருந்த மனநல மருத்துவர், 2020இல் காலமானார். முதல் வகை, வளர்ச்சியில் சிக்கல் எதுவும் இல்லாமல் சீக்கிரமே படிக்கத் தொடங்கிவிடும் பிள்ளைகள். இரண்டாவது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் படிப்புத் திறன் மட்டும் தனித்துத் துருத்திக்கொண்டு நிற்பது. மூன்றாவது, ஆட்டிசம் போன்ற அடையாளங்கள் தொடக்கத்தில் இருந்து, வயது ஏற ஏற மங்கிப்போவது. உங்கள் கேள்விக்கான பதில் இந்த 'வயது ஏற ஏற' என்பதிலேயே இருக்கிறது. பின்னாளில் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை நீங்கள் மூன்றரை வயதிலேயே எடுத்து வைத்துக்கொண்டுவிட்டீர்கள்.

கொஞ்சுவது, கண் பார்ப்பது, வீட்டாரிடம் ஒட்டிக்கொள்வது ஆகியவற்றை டிரெஃபெர்ட் மூன்றாம் வகையின் அடையாளமாகச் சொன்னது உண்மை. ஆனால் ஆட்டிசம் உள்ள எத்தனையோ பிள்ளைகளும் கொஞ்சுகிறார்கள். என் மகன் இன்றைக்கும் என் முந்தானையைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். அவனுக்கு ஆட்டிசம்தான்.

இன்னொன்று. ஆட்டிசம் என்று அவசரப்பட்டுச் சொல்லப்படும் பிள்ளைகளைப் பற்றிய கவலையில்தான் அவர் இந்தப் பிரிப்பைச் செய்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதனைக்கே போகமாட்டேன் என்பது அவர் நினைத்ததற்கு நேர்மாறு. மருத்துவர்கள் கையாளும் டிஎஸ்எம்-5 கையேட்டில் ஹைப்பர்லெக்சியா ஒரு தனி நோயறிதலாகவே இல்லை. ஆகையால் 'ஆட்டிசம் இல்லை, ஹைப்பர்லெக்சியா மூன்று' என்று எழுதி வாங்கிக்கொண்டு வரலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்.

5 மே, காலை. கோரிமேட்டுக்காரி

என் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறார். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். ஆக, எங்கள் வீட்டில் எழுத்தைவிட எண்களுக்கே மதிப்பு. இவனுக்கு எழுத்துப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு வயது தாண்டியதும் பஸ் பலகையில் தொடங்கியது. அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி, அயோத்தியாப்பட்டணம் என்று ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பான். 'அம்மா' என்று கூப்பிடாத பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், 'சீலநாயக்கன்பட்டி' என்று கூப்பிட்டால் திரும்புவான். என் மாமனார் இதைக் கண்டுபிடித்து வெகுநாள் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏற்காட்டு மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அது இவனுக்குத் திருவிழா. ஒவ்வொரு வளைவிலும் படித்தாக வேண்டும். மழைக்காலத்தில் பாறை சரிந்து பாதையை மூடிவிட்டால் குப்பனூர் வழியாகத்தான் போய்வர வேண்டும். அப்போது அந்த எண்கள் வரா. அழுகை, கத்தல், இருக்கையை உதைப்பது. பஸ்ஸில் இருப்பவர்கள் பிள்ளைக்கு வாந்தி என்று எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுப்பார்கள்.

கல்யாண வீடுகள் இன்னும் மோசம். அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பத்திரிகையைக் கையில் கொடுத்து 'படி சாமி' என்றார்கள். 'நிகழும் மங்களகரமான ஹேவிளம்பி வருடம்' என்று தொடங்கி, இரு வீட்டார் பெயர், தாய்மாமன்மார் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் முடித்து, கடைசியில் அச்சகத்தின் தொலைபேசி எண்ணையும் வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினான். கைதட்டல். கலெக்டர் ஆவான் என்றார் ஒருவர். அப்போது என் அம்மாயி ஒருத்திதான், எழுதப் படிக்கத் தெரியாதவள், 'மாப்பிள்ளை பேர் என்னடா கண்ணு?' என்று கேட்டாள். 'மாப்பிள்ளை பேர் என்னடா கண்ணு' என்று அவளிடமே திருப்பிச் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். அம்மாயி சிரிக்கவில்லை.

5 மே, மதியம். கோரிமேட்டுக்காரி

கிண்டலாகக் கேட்டவருக்கு: இல்லை, நீட் பயிற்சிக்கு இப்போதே சேர்க்கச் சொல்லி அந்தக் கல்யாணத்தில் யாரும் விசிட்டிங் கார்டு தரவில்லை. தந்திருந்தால் அதையும் படித்திருப்பான்.

7 மே. கோரிமேட்டுக்காரி

'ஹைப்பர்லெக்சியா இருந்தால் ஆட்டிசம் இருக்க 84 சதவீத வாய்ப்பு' என்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆத்தூர் அம்மா இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லையாம்.

அந்த எண் வந்த இடம் இது. 2017இல் கனடாவின் மான்ட்ரியல் ஆய்வாளர்கள், லோரான் மோத்ரோன் உள்ளிட்ட குழுவினர், அதுவரை வெளிவந்த ஹைப்பர்லெக்சியா ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் விவரிக்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் 84 சதவீதத்தினர் ஆட்டிசம் உள்ளவர்கள். சரி. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறும் பிள்ளை யார்? பெற்றோர் கவலைப்பட்டு மருத்துவரிடம் கூட்டிப்போன பிள்ளை. நன்றாகப் பேசி விளையாடிக்கொண்டு மூன்று வயதில் படிக்கவும் செய்யும் பிள்ளையை யாரும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவதில்லை, கல்யாண வீட்டுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்றுதான் கணக்கு வரும்.

போதாததற்கு, பல ஆய்வாளர்கள் ஹைப்பர்லெக்சியா என்ற சொல்லையே வளர்ச்சிக் குறைபாட்டோடு சேர்ந்து வருவதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். 1967இல் நார்மன் சில்பர்பெர்க், மார்கரெட் சில்பர்பெர்க் இருவரும் இந்தப் பெயரை வைத்தபோதே, சொற்களை இனங்காணும் திறன் மற்றத் திறன்களைவிட மிக முன்னால் ஓடிவிட்ட பிள்ளைகளைத்தான் சொன்னார்கள். சிக்கல் உள்ளவர்களை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் என்று கேட்டால் எண் பெரிதாகத்தான் இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஹைப்பர்லெக்சியா இருப்பவர்கள் 6 முதல் 20 சதவீதம் வரை என்பது அதே தொகுப்பின் மதிப்பீடு. ஆகவே 'படிக்கவில்லை, அதனால் ஆட்டிசம் இல்லை' என்று ஓமலூரிலிருந்து எழுதியவரும் கொஞ்சம் நில்லுங்கள்.

8 மே. கோரிமேட்டுக்காரி

புரிந்துதான் படிக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு.

1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் ஒரு சூத்திரம் சொன்னார்கள். படித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மற்றது சுழியத்தை ஒட்டி இருந்தால் விடையும் அப்படித்தான். கணக்குப் பார்ப்பவள் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. மகனுக்கு முதல் எண் நூறு, இரண்டாவது எண் அரை.

தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. நம் எழுத்தில் உயிரும் மெய்யும் குறிகளும் பிடிபட்டுவிட்டால் போதும், எதையும் ஒலித்துவிடலாம். ஆங்கிலம் போல எழுதுவது ஒன்று படிப்பது ஒன்று என்று பெரிதாக இல்லை. அதனால் பிள்ளை தலையங்கத்தைத் தடுமாறாமல் வாசித்தான் என்பதை அதற்குமேல் எதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

(எழுதிவிட்டு யோசித்தேன். முழுக்க அப்படியும் இல்லை. 'பக்கம்' என்பதில் வரும் க வேறு, 'தங்கம்' என்பதில் வரும் க வேறு, 'அகலம்' என்பதில் வேறு. எழுத்து ஒன்றுதான். மகன் முன்பின் கேட்டிராத ஊர்ப் பெயர்களிலும் இதைச் சரியாக ஒலிப்பான். யாரும் அவனுக்கு விதி சொல்லவில்லை. புகைப்படம் போல மனப்பாடம் செய்கிறான் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? 2004இல் அமெரிக்காவில் ஒன்பது வயது ஹைப்பர்லெக்சியா பையன் ஒருவன் படிக்கும்போது மூளையை, அது வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் பார்த்தார்கள். பேச்சொலிகளோடு தொடர்புடைய இடது மேல் பொட்டுமடல் பகுதி, அவனை ஒத்த பிள்ளைகளைவிடக் கூடுதலாக வேலை செய்தது. ஒரே ஒரு பையன்தான், அதன்மேல் மாளிகை கட்ட வேண்டாம். ஆனாலும் ஒலி வழியாகவும்தான் படிக்கிறார்கள் என்பதற்கு அது இடம் கொடுக்கிறது.)

சோதிக்கும் விதத்துக்கு வருகிறேன். உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். ஒரு சீட்டில் 'நீலக் கிண்ணத்தை அப்பாவிடம் கொடு' என்று எழுதி, ஒன்றும் பேசாமல் நீட்டுங்கள். கொடுக்கிறானா, சீட்டைப் படித்துவிட்டுப் போய்விடுகிறானா? பிறகு நான்கு வரியில் ஒரு கதை. யார், என்ன, எங்கே என்று கேளுங்கள். கடைசியில் 'ஏன்'. எங்கள் வீட்டில் 'யார்' வந்து வெகுகாலம் கழித்துத்தான் 'ஏன்' வந்தது. வந்த பிறகும் 'ஏனென்றால்' என்று தொடங்கி அதே வரியைப் படித்துக் காட்டுவான்.

இது வீட்டில் நீங்கள் தெரிந்துகொள்வதற்கு. மருத்துவர் பார்ப்பதற்கு மாற்று அல்ல.

12 மே. கோரிமேட்டுக்காரி

இங்கே எழுதிய ஒருவரிடம், பிள்ளை கண்ணில் படாமல் புத்தகங்களையெல்லாம் எடுத்துப் பரண்மேல் வைக்கச் சொன்னார்களாம். எனக்கும் ஒரு பயிற்சி மையத்தில் அப்படித்தான் சொன்னார்கள். எழுத்தைப் பார்க்கவிடாதீர்கள், பார்க்கப் பார்க்கப் பேச்சு வராது என்றார்கள். நாட்காட்டிகூட இல்லாத வீடாக்கினோம். பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? கேஸ் சிலிண்டரில் இருந்ததைப் படித்தான். தண்ணீர்க் குடத்தின் அடியில் அச்சாகியிருந்ததைப் படிக்கக் குடத்தைக் கவிழ்த்தான். பேச்சு வந்த பாடில்லை, வீடு மட்டும் ஈரமானது.

பிறகு வந்த பேச்சுப் பயிற்சியாளர் அதைத் தலைகீழாக்கினார். நான் அவருக்குக் கோயில் கட்டாதது ஒன்றுதான் பாக்கி. பையனுக்கு எது வருகிறதோ அதன் வழியாகவே வராததைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அப்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமென்றால் 'தண்ணீர் வேண்டுமா?' என்பான். நாம் அவனிடம் கேட்பதையே அவன் நம்மிடம் திருப்பிச் சொல்வது. அவனுக்கு அது வேண்டுகோள். லியோ கன்னர் 1943இல் ஆட்டிசம் பற்றி முதன்முதலில் எழுதியபோதே, தான் பார்த்த பதினொரு பிள்ளைகளில் பேச்சு வந்தவர்களிடம் இந்தத் திருப்பிச் சொல்லுதலையும் நான்-நீ மாறாட்டத்தையும் குறித்திருக்கிறார். அவர்கள் சீக்கிரம் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் ஏற்ற இறக்கமின்றிப் படிக்கிறார்கள், கதை அவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேருகிறது என்றும் அப்போதே எழுதிவிட்டார்.

பயிற்சியாளர் செய்தது இதுதான். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று அட்டையில் எழுதிக் குடத்தின் மேல் ஒட்டினார். அவன் 'தண்ணீர் வேண்டுமா?' என்றதும் யாரும் பேசாமல் அட்டையைக் காட்ட வேண்டும். படிப்பான், தண்ணீர் கிடைக்கும். கொஞ்ச நாளில் அட்டையை மடித்துப் பாதி மறைத்தார். அதன்பின் எடுத்தே விட்டார். சொல் மட்டும் நின்றது. கதவில் 'செருப்பைக் கழற்று', குளியலறையில் என்ன செய்த பின் என்ன என்ற வரிசை, நாளைக்கு எங்கே போகிறோம் என்று முந்தின இரவே எழுதி வைப்பது, எல்லாம் இப்படித்தான். குப்பனூர் வழிப் பயணத்துக்கும் ஒரு தாள் எழுதினேன்: 'இன்று எண்கள் இல்லை. பஸ் வேறு பாதையில் போகும். அப்பா அங்கேயும் இருப்பார்.' கத்தல் நின்றது என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

மான்ட்ரியல் குழுவும் இதைத்தான் சொல்கிறது. மற்றப் பிள்ளைகள் பேச்சிலிருந்து எழுத்துக்கு வருகிறார்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் எழுத்திலிருந்து பேச்சுக்கு வரக்கூடும், வரிசைதான் தலைகீழ். அப்படியானால் எழுத்தைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

பக்க விளைவு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எழுத்திலிருந்து பேச்சுக்கு வந்தவன் என்பதால் அச்சடித்த நடையில்தான் பேசினான். எங்கள் தெருவில் 'எனக்குப் பசிக்கிறது, உணவு எப்போது தயாராகும்?' என்று கேட்கும் ஒரே ஐந்து வயதுப் பிள்ளை இவன். தெருவில் 'வானொலி' என்று பெயர் வைத்தார்கள். இப்போதும் கோபம் வந்தால்தான் சேலத்துத் தமிழ் வருகிறது. ஆகவே கோபப்படட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

26 மே. கோரிமேட்டுக்காரி

ஏற்காட்டில் கோடை விழா. மலர்க் கண்காட்சியில் எல்லாரும் பூவைப் பார்த்தார்கள், மகன் பெயர்ப் பலகையைப் பார்த்தான். லத்தீன் பெயர்களையும் விடவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி 'இந்தப் பூ என்ன நிறம் சொல்லு' என்று அவனைச் சோதித்தாள். 'பலகையில் எழுதவில்லை' என்றான். குறும்பா, உண்மையாகவே சொன்னானா என்று எனக்கே தெரியவில்லை. முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்ததாக வீட்டுக்காரர் சாதிக்கிறார்.

 

2 ஜூன். கோரிமேட்டுக்காரி

சொற்களை அப்படியே எடுத்துக்கொள்வது பற்றிக் கேட்டவருக்கு ஒரு கதை. எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை உண்டு. மகன் அதைப் படித்துவிட்டு மறுநாள் போய்க் கடனில் பிஸ்கட் கேட்டான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பலகையைக் காட்டினார். மீண்டும் படித்தான். மீண்டும் மறுநாள் போனான். பலகை மாறவில்லை. நாளை எப்போது வரும் என்று என்னைப் பிய்த்தெடுத்துவிட்டான். விளக்கிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். இன்று, நாளை, இங்கே, அங்கே, நான், நீ போன்ற சொற்களெல்லாம் யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறவை. எழுத்து மாறாது, பொருள் மட்டும் மாறும் என்பது அவனுக்குப் பெரிய அநியாயம். சொற்களஞ்சியம் குறைவு என்று நினைத்து மேலும் மேலும் சொற்களைத் திணிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல் போதவில்லை என்பதே இல்லை.

கடைக்காரர் கடைசியில் ஒருநாள் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டார். வட்டி இல்லாமல்.

15 ஜூன். கோரிமேட்டுக்காரி

தாரமங்கலத்துத் தாத்தா ஒருவர் எழுதியதைப் படித்தேன். அவர் பேரனும் மூன்று வயதில் இப்படியே இருந்தானாம், யாரிடமும் காட்டவில்லையாம், இப்போது ஒன்பதாம் வகுப்பில் நண்பர் கூட்டத்தோடு சுற்றுகிறானாம். 'நீங்கள்தான் பயமுறுத்துகிறீர்கள்' என்கிறார்.

ஐயா, உங்கள் பேரனைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், டிரெஃபெர்ட் கற்பனையில் இருந்து எழுதவில்லை. மே 4ஆம் தேதி நான் ஒரே மூச்சில் எழுதியதில் இதற்கு இடம் குறைவாகிவிட்டது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. என் மகனும்தான் மாறியிருக்கிறான். மூன்று வயதில் இருந்த பிள்ளையை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு இருப்பவனை யாரும் அடையாளம் சொல்லமாட்டார்கள். வாதாடுகிறான், தங்கையிடம் பொய் சொல்கிறான், குப்பனூர் வழியே தூங்கிக்கொண்டு வருகிறான். இதில் எது பயிற்சியால் வந்தது, எது தானாகவே வந்திருக்கும்? தெரியாது. ஒரே பிள்ளையை இரண்டு விதமாக வளர்த்துப் பார்க்க முடியாது. சிலர் எங்களைப் பார்த்து 'உங்கள் பையன்கூட மூன்றாவது வகையோ' என்கிறார்கள். இரைச்சல் தாங்காமல் பள்ளி ஆண்டு விழாவில் மேஜைக்கு அடியில் இருந்தவனை அவர்கள் பார்த்ததில்லை. வெளியே மங்கியது எல்லாம் உள்ளேயும் மங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ஆகையால் வகையைப் பற்றிய சண்டையை நான் விட்டுவிடுகிறேன். பேச்சு தாமதமா, பேச்சுப் பயிற்சி தொடங்குங்கள். அதற்கு எந்த வகைப் பெயரும் தேவையில்லை. பரிசோதனையில் ஆட்டிசம் இல்லை என்று வந்தால் நல்லது, பயிற்சி வீணாகப்போவதில்லை. தாத்தாவின் பேரனுக்குக்கூட 'ஏன்' என்ற கேள்வியை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது.

16 ஜூன். கோரிமேட்டுக்காரி

இரண்டு வயதுப் பிள்ளை வைத்திருப்பவருக்கு: 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற இருபது கேள்விப் படிவம் உண்டு. அது வடிகட்டி மட்டுமே, தீர்ப்பு இல்லை. படிக்கத் தெரியுமா என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது. சுட்டிக் காட்டுகிறானா, நீங்கள் காட்டும் பக்கம் பார்க்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா என்றுதான் கேட்கும். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது ஆத்தூர் அம்மா முதல் பதிவிலேயே போட்ட வரி.

7 ஜூலை. கோரிமேட்டுக்காரி

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விவரம் பலர் கேட்கிறீர்கள், சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. ஹைப்பர்லெக்சியாவுக்குத் தனி இடம் இல்லை. நம் நாட்டில் ஆட்டிசத்தின் அளவைச் சொல்ல ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. சான்றிதழ் அட்டைக்கு யூடிஐடி இணையதளத்தில் பதிய வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது பிள்ளையின் திறமையைக் காட்டப் புத்தகம் எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப்போனால் பையன் படிக்கத் தொடங்குவான், அறையில் இருப்பவர்கள் வியப்பார்கள், கேட்க வேண்டியதைக் கேட்கும் நேரம் அதில் போய்விடும். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. வீட்டில் எடுத்த காணொளிகளை எடுத்துப் போங்கள். தனியாக விளையாடுவது, பிற பிள்ளைகள் வந்தபோது என்ன செய்தான் என்பது, இப்படி.

18 ஆகஸ்ட். கோரிமேட்டுக்காரி

பள்ளியில் என்ன சலுகை கேட்பது என்று கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்றெல்லாம் கிடைக்கும். இதில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேடிக்கை. மகன் முத்து முத்தாக எழுதுவான், பிழை இருக்காது, ஆசிரியரின் கரும்பலகைப் பிழையைத் திருத்தி இரண்டு முறை வெளியே நின்றிருக்கிறான். எழுத ஆள் எதற்கு? அவனுக்குக் கேள்வி புரிய வேண்டும்.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னோட்டமாக ஒரு வகுப்புத் தேர்வு. மனப்பாடப் பாடலுக்கு முழு மதிப்பெண். பத்தியைப் படித்து விடை எழுதுவதில் பாதி. 'விவசாயி ஏன் மகிழ்ச்சி அடைந்தார்?' என்ற கேள்விக்குப் பத்தியின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே எடுத்து எழுதிவிட்டு வந்திருக்கிறான். விடை அதற்குள் இருக்கிறதுதானே என்று அவன் கேட்கிறான். இருக்கிறதுதான்.

தமிழாசிரியையிடம் போய் ஒன்றுதான் கேட்டேன். இவன் தாளில் மட்டும் அந்தக் கேள்வியை இரண்டாக உடையுங்கள்: 'விவசாயி மகிழ்வதற்குச் சற்று முன் என்ன நடந்தது? அதை ஒரே வரியில் எழுது.' முதலில் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயமாகாதா என்று தயங்கினார். பிறகு, வகுப்பில் இன்னும் சிலரும் இதே மாதிரி முழுப் பத்தியையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, எல்லாத் தாளிலும் உடைத்துவிடுகிறேன் என்றார். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் என்ன என்று எழுதுகிறேன். கன்னங்குறிச்சி அம்மா, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், இதையே ஒரு கடிதமாக எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.